டைனோ அளவீடும் ஏற்காடு மலைச்சாலையும்

டைனமோமீட்டர் என்பது எஞ்சினின் முறுக்குவிசையையும் திறனையும் அளக்கும் கருவி. பட்டறைகளில் சுருக்கமாக 'டைனோ' என்பர். சக்கரங்களை உருளைகள் மீது ஓடவிட்டு அளக்கும் வகையே டியூனிங் செய்வோரிடம் அதிகம். அதில் நல்ல எண் காட்டிய வண்டி, சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது இழுக்காமல் திணறுவதுண்டு. கருவியில் பிழை இருக்க வேண்டியதில்லை. அது அளந்த நிலை வேறு, மலைச்சாலையின் நிலை வேறு.

முதலில் காற்று. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. காற்றழுத்தம் கீழே சுமார் 98 கிலோபாஸ்கல், மேலே சுமார் 85. மலைக்குளிர்ச்சி காற்றைச் சற்று அடர்த்தியாக்கினாலும், டர்போ இல்லாத எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும். டைனோ தாளில் இந்த இழப்பு தெரிவதில்லை. எஸ்ஏஇ ஜே1349 போன்ற தரநிலைகளின்படி, முடிவை 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் நிலைக்குத் திருத்தியே அச்சிடுகிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு தொல்லை: அடிவாரத்துக்குச் சரியான ஜெட், மேலே பெட்ரோலை மிகுதியாகக் கொடுத்துப் புகை கக்க வைக்கும். இன்றைய வண்டிகளில் உணரிகள் இதைச் சரிசெய்துவிடுகின்றன.

அடுத்தது, எந்தச் சுழற்சி வேகத்தில் அளந்தார்கள் என்பது. 1,200 கிலோ எடையுள்ள கார், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வீதம், ஏறுகிறது என்க. ஒவ்வொரு நொடியும் 0.6 மீட்டர் உயர்கிறது. எடையைத் தூக்க 1,200 × 9.8 × 0.6, அதாவது ஏறத்தாழ 7 கிலோவாட் வேண்டும். உராய்வையும் காற்றுத்தடையையும் சேர்த்தால் 9 கிலோவாட் அளவில் நிற்கும். சிறிய காரின் உச்சத்திறனே இதைப்போல் பல மடங்கு! பின் ஏன் திணறல்? இச்சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஊர்ந்துதான் திரும்பும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு இறங்கிவிடும். பெட்ரோல் எஞ்சினின் உச்சத்திறனோ பெரும்பாலும் 6,000 சுற்றை ஒட்டிக் கிடைப்பது. உச்சியில் 5 குதிரைத்திறனைக் கூட்டி, அடியில் முறுக்குவிசையைக் குறைத்த டியூனிங், வளைவுதோறும் கிளட்சைத் தேய்க்கும்.

செலவு வைப்பது வெப்பம். டைனோவில் முழுவேக ஓட்டம் சில நொடிகளில் முடிகிறது, எதிரே பெரிய மின்விசிறியும் உண்டு. மலையேற்றம் அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. சூடேறிய எஞ்சினில், சுடர் பரவி முடியுமுன் மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். இதுவே 'நாக்கிங்' எனப்படும் தட்டல். நீடித்தால் பிஸ்டன் சேதமாகும். டைனோவில் தட்டாத இக்னிஷன் டைமிங் பத்தாவது வளைவில் தட்டலாம்.

பிரேக் வகை டைனோ, எஞ்சினை ஒரே சுழற்சியில் சுமையுடன் பிடித்து நிறுத்தும். மலைப்பகுதி வண்டிக்கு அதில் 2,000 சுற்றில் சில நிமிடங்கள் ஓட்டிச் சூடேற்றிப் பார்ப்பதும், பிறகு ஆள், சுமையுடன் மலையேறி எஞ்சின் வெப்பத்தைப் பதிவு செய்வதும் பயன் தரும்.