தட்டு சுழல, படம் நடக்க

ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியைச் செல்போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால், இறக்கைகள் சில நேரம் மெல்ல ஊர்வது போலவும் சில நேரம் எதிர்ப்பக்கம் சுற்றுவது போலவும் தெரியும். பழைய படங்களில் குதிரைவண்டி முன்னே பாய, அதன் சக்கரம் மட்டும் பின்னோக்கி உருள்வதையும் பலர் கவனித்திருப்பார்கள். கேமரா தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. விநாடிக்கு இத்தனை முறை என்று விட்டுவிட்டுப் பார்க்கிறது. இரண்டு பார்வைக்கு நடுவே சக்கரம் எவ்வளவு திரும்பியது என்று அதற்குத் தெரியாததால் வரும் மயக்கம் இது. இதை வேண்டுமென்றே வரவழைத்து, அதிலிருந்து ஒரு நடனத்தையோ பூ விரிவதையோ உருவாக்குவதுதான் சுழல்தட்டு அனிமேஷன். இதைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த சாஃப்ட்வேர் நல்லது என்றுதான். ஆனால் ஒரு சுற்றுக்கு எத்தனை படம் என்ற கேள்விக்கு விடை தெரியாதவருக்கு எந்த சாஃப்ட்வேரும் உதவாது. இந்தக் கலையின் உயிர் ஓவியத்தில் பாதி, எண்ணிக்கையில் பாதி.

இதன் மூலவடிவம் சினிமாவுக்கு அறுபது ஆண்டு மூத்தது. பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாத்தோவும் வியன்னாவின் சைமன் ஸ்டாம்ப்ஃபரும் 1832-இன் கடைசியில், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, ஒரே கருவியை உருவாக்கினார்கள். ஃபெனாகிஸ்டிஸ்கோப் என்று அதற்குப் பெயர் வந்தது. வட்டமான அட்டையில் பத்துப் பன்னிரண்டு படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மெல்லிய பிளவு, நடுவே ஓர் ஆணி, அவ்வளவுதான். படப்பக்கத்தை நிலைக்கண்ணாடிக்குக் காட்டிச் சுழற்றி, பின்பக்கத்திலிருந்து பிளவுகள் வழியே கண்ணாடியைப் பார்த்தால் பொம்மை ஆடும். பிளவு வழியாகப் பார்க்காமல் நேரே பார்த்தால் மங்கலான வளையங்கள் மட்டுமே தெரியும். பார்த்த பிம்பம் கண்ணில் சிறிது நேரம் தங்குவதால்தான் படம் அசைகிறது என்ற பழைய விளக்கம் இங்கேயே அடிபட்டுப்போகிறது. தங்குவது மட்டும் காரணம் என்றால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பித்தான் போக வேண்டும். நேரே பார்க்கும்போது நடப்பதும் அதுதான். நிலையான இரண்டு கோடுகளைத் தகுந்த இடைவெளியில் மாறிமாறிக் காட்டினால், ஒரே கோடு நகர்வதாக மனிதர்கள் காண்கிறார்கள் என்று 1912-இல் மாக்ஸ் வெர்தைமர் ஆராய்ந்து எழுதினார். அசைவை உண்டாக்குவது மூளை. அதற்கு வேலை கொடுப்பது, படங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் தடுப்பு.

பிளாத்தோவின் தட்டில் அந்தத் தடுப்பு தட்டிலேயே இருந்தது. படமும் பிளவும் ஒரே அட்டையில் சேர்ந்தே சுழல்வதால், கை வேகமாகச் சுழற்றினாலும் மெதுவாகச் சுழற்றினாலும் ஒன்றுக்கொன்று பொருத்தம் தவறாது. இன்று இசைத்தட்டுப் பிளேயரில் படத்தட்டை வைத்துக் கேமராவில் பிடிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பிளேயருக்கு ஒரு வேகம், கேமராவுக்கு வேறொரு கடிகாரம். இரண்டையும் ஒத்துப்போக வைப்பது செய்பவர் பொறுப்பு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும் கேமரா அதற்குள் சரியாக 45 முறை பார்க்கும். ஆகவே தட்டை 45 பாகமாக, பாகத்துக்கு 8 டிகிரி என்று பிரிக்க வேண்டும். கேமராவில் 30 ஃபிரேம் வைத்தால் 54 பாகம். 24 வைத்தால் 43.2 என்று வரும். முழுப் படம் வரைய முடியாத எண். அதற்கு 45 சுற்று வேகத்துக்குத் தாவினால் 32 என்று சுத்தமாக வகுபடும். 30 என்று காட்டும் பல கேமராக்கள் உண்மையில் 29.97 ஃபிரேம்தான் எடுக்கின்றன. 54 பாகத் தட்டை அதில் பிடித்தால் ஆட்டம் நன்றாகவே தெரியும், ஆனால் மொத்தப் படமும் நிமிடத்துக்கு 12 டிகிரி வீதம் மெல்லச் சுழன்றுகொண்டே போகும்.

சாஃப்ட்வேரின் உண்மையான உதவி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இல்லஸ்ட்ரேட்டரிலோ இலவசமான இங்க்ஸ்கேப்பிலோ ஒரு வட்டம் போட்டு, மையத்தை அச்சாக வைத்து ஒரு கோட்டை 8 டிகிரி திருப்பி நகலெடுத்து, அதே கட்டளையை 45 கோடு வரும்வரை திரும்பக் கொடுத்தால் சட்டகம் தயார். கையால் கோணமானி வைத்துப் பிரித்தால் சிறு பிழைகள் சேர்ந்து, படம் ஓடும்போது நடுக்கமாகத் தெரியும். பிறகு ஒரு நடையையோ பறத்தலையோ அனிமேஷனாகச் செய்து, ஃபிரேம்களைத் தனிப் படங்களாக எடுத்து, கோட்டுக்கு ஒன்றாக அடுக்க வேண்டும். இசைத்தட்டுப் பிளேயர் கடிகாரத் திசையில் சுழல்வதால் படங்களை எதிர்த்திசையில் அடுக்க வேண்டும்; மறந்தால் பறவை பின்புறமாகப் பறக்கும். இடமும் தாராளமாக இருக்காது. மையத்திலிருந்து 14 செ.மீ. தள்ளி வரையும் படத்துக்கு அகலம் 2 செ.மீ.கூட முழுதாகக் கிடைக்காது, 6 செ.மீ. தள்ளி வரைந்தால் 8 மி.மீ.தான். அதனால் அனுபவசாலிகள் விவரமான உருவத்தை விளிம்பிலும், புள்ளி, கோடு போன்ற எளிய வடிவங்களை உள்வட்டத்திலும் வைப்பார்கள். 45 படமும் வெவ்வேறாக இருக்க வேண்டியதில்லை. 15 ஃபிரேம் கொண்ட நடையை மூன்று முறை, 9 ஃபிரேம் துள்ளலை ஐந்து முறை சுற்றிலும் வைத்தாலும் எங்கும் ஒட்டுப்போட்ட தடம் தெரியாது.

பிளாத்தோவின் பிளவு மெல்லியதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அதே காரணத்தால் இன்று ஷட்டர் வேகம் முக்கியமாகிறது. அந்த 14 செ.மீ. வளையம் விநாடிக்கு ஏறக்குறைய 49 செ.மீ. ஓடுகிறது. வழக்கமான 1/50 விநாடி ஷட்டரில் படம் ஒரு செ.மீ. இழுபட்டுவிடும், உருவத்தின் பாதி அகலம் காணாமல் போகும். 1/1000-இல் இழுபடுவது அரை மி.மீ.தான். ஷட்டர் இவ்வளவு குறுகினால் ஒளி நிறைய வேண்டும், அதுவும் மினுக்காத ஒளியாக இருக்க வேண்டும். விலை குறைந்த எல்இடி விளக்குகள் வீடியோவில் பட்டை பட்டையாக விழும். எடிட்டிங்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 25 ஃபிரேம் வீடியோவை 30 ஃபிரேம் டைம்லைனில் போட்டால், எண்ணிக்கையை நிரப்ப சாஃப்ட்வேர் சில ஃபிரேம்களை இரட்டிக்கும், அல்லது இரண்டைக் கலந்து புதிதாக ஒன்றைச் செய்யும். சாதாரண வீடியோவில் கண்ணுக்குப் படாத இந்தச் சமாளிப்பு, இங்கே உருவத்தின் மேல் இன்னொரு உருவமாகத் தெரிந்துவிடும்.

கணினியில் அனிமேஷன் செய்தாகிவிட்டதே, அதை நேரே ஓட்டாமல் எதற்குத் தட்டில் அடுக்கிச் சுழற்ற வேண்டும் என்று கேட்கலாம். தட்டு இல்லாமலே ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அந்த வட்டப்படத்தை ஃபிரேமுக்கு 8 டிகிரி திருப்பினாலும் இதே காட்சி கிடைக்கும் என்பதும் உண்மை. கேமராவுக்கு அனுப்பும் முன் கணக்கைச் சரிபார்க்க அதுவே நல்ல வழி. பழைய அட்டைத் தட்டுகளின் படங்களும் இப்படித்தான் இணையத்தில் ஜிஃப்களாக ஆடுகின்றன. ஆனால் தட்டு வடிவம் வெறும் பழமைப் பிரியம் என்று தள்ளிவிட முடியாது. வரிசையாக ஓடும் வீடியோவில் தானாக வராத சில காட்சிகள் வட்டத்திலிருந்து இயல்பாகப் பிறக்கின்றன. 45 பாகத் தட்டின் ஒரு வளையத்தில் மட்டும் 46 மீன்களை வைத்தால், நீந்துவதாக யாரும் அனிமேஷன் செய்யாமலே அவை சுழலும் திசையில் நகர்ந்து, சுமார் 83 விநாடியில் ஒரு சுற்று வரும். 44 வைத்தால் எதிர்த்திசையில் போகும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தட்டுகளிலேயே கையாளப்பட்ட உத்தி. அமெரிக்கக் கலைஞர் ஜான் எட்மார்க் முப்பரிமாண அச்சில் செய்த சிற்பங்கள், சூரியகாந்தி விதைகளின் அடுக்கில் காணப்படும் 137.5 டிகிரிக் கோணத்தில் ஃபிரேமுக்கு ஒரு முறை திரும்பி, பூ விரிவது போலத் தோன்றுகின்றன. ஜப்பானின் மிட்டாகாவில் உள்ள கிப்லி அருங்காட்சியகத்தில் பொம்மைகளையே சுற்றிலும் வைத்து, மினுக்கும் விளக்கில் சுழற்றி உயிர்கொடுக்கிறார்கள்.

இவ்வளவு வகுத்தல் பெருக்கல் நடுவே கலைக்கு எங்கே இடம் என்றும் ஒரு கேள்வி எழும். தாளம் அறியாமல் கீர்த்தனை பாட முடியாது; தாளம் அறிந்ததற்காகப் பாட்டு வறண்டுபோவதும் இல்லை. எண்ணிக்கை கையில் பிடிபட்ட பிறகுதான் ஒரு மீனைக் கூட்டலாமா, குறைக்கலாமா, எந்த வளையத்தை நிறுத்தி எதை ஓட விடலாம் என்று யோசிக்கும் சுதந்திரமே வருகிறது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் பிளேயரின் வேகத்தையும் கேமராவின் ஃபிரேம் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி வகுத்துப் பார்க்கட்டும். மீதி இல்லாமல் வகுபட்டால் அந்த விடைதான் வரைய வேண்டிய படங்களின் எண்ணிக்கை. மீதி வந்தால் வேகத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த மீதியையே ஓர் அசைவாக்கத் துணிய வேண்டும்.