வசனத்துக்கு 45... சண்டைக்கு 12! பிரமாண்ட ஆக்‌ஷன் படங்கள் வீட்டு ஹாலில் ஏன் எடுபடுவதில்லை?

கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு படம் ஓடினால், ரிமோட் அப்பா கையில்தான் இருக்கும். சேனல் மாற்ற அல்ல, வால்யூம் மாற்ற. ஹீரோ மெதுவாகப் பேசும்போது 45. அடுத்த நிமிடம் கார் பறந்தால் 12. ஒருமுறை உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்து, "வெளிய இன்னாடா வெடிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன மாதம் ஒரு பெரிய பட்ஜெட் ஆக்‌ஷன் படம் பார்த்தோம். முக்கால்வாசியிலேயே அப்பா எழுந்துவிட்டார். "நீயே பாரு, எனக்கு ஒண்ணும் புரியல." இத்தனைக்கும் 'பாட்ஷா' எத்தனையாவது முறை டிவியில் வந்தாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிற மனிதர் அவர்.

தியேட்டருக்கே போகலாமே என்று கேட்கலாம். எங்களுக்கு அது திருவண்ணாமலை போய் வருகிற வேலை. இரவுக் காட்சி முடிந்தால் திரும்ப பஸ் கிடைப்பது சந்தேகம். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் பேச்சே இல்லை. ஆக, சிறிய ஊர்களில் பலருக்கும் 'ரிலீஸ்' என்பதே படம் ஓடிடிக்கு வரும் நாள்தான். அப்படியிருக்க, அந்தப் படங்கள் ஏன் வீட்டில் ஏமாற்றுகின்றன?

வசனம் ஏன் கேட்பதில்லை?

முதலில் டெக்னிக்கல் காரணம். தியேட்டருக்கான ஒலிக்கலவை 85 டெசிபல் என்ற அளவை அடிப்படையாக வைத்து செய்யப்படுகிறது. வெடிச்சத்தம் உச்சத்துக்குப் போகும்போது ஒரு சேனலில் மட்டும் 105 டெசிபல் வரை ஏற இடம் உண்டு. கிசுகிசுப்புக்கும் வெடிக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய இடைவெளிதான் தியேட்டரின் மேஜிக்.

5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில், திரைக்குப் பின்னால் இருந்து வரும். பின்னணி இசையும் எஃபெக்ட்ஸும் மற்ற ஸ்பீக்கர்களில் பிரிந்து நிற்கும். நம் வீட்டு டிவியில் இருப்பதோ இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். டிவி ஒல்லியாக ஒல்லியாக அவையும் கீழ்நோக்கியோ பின்பக்கமாகவோ போய்விட்டன. ஆறு வழியில் வர வேண்டிய சத்தம் இரண்டு வழியில் நெருக்கியடித்து வரும்போது முதலில் அடிபடுவது வசனம்.

ஓடிடிக்கு என்று தனியாக மிக்ஸ் செய்ய மாட்டார்களா? செய்கிறார்கள். நெட்ஃப்ளிக்ஸ், தன்னிடம் வரும் படத்தில் வசனத்தின் சராசரி சத்தம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. ஆனால் அந்த அளவுக்கு மேலே எஃபெக்ட்ஸ் ஏறுவதற்கு நிறைய இடம் உண்டு. அதனால் ரிமோட்டுக்கு ஓய்வில்லை.

சில நேரம் பிரச்சினை தியேட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. 2024 நவம்பர் 14 அன்று வெளியான 'கங்குவா' படத்தில் சத்தம் அதிகம் என்று ரசிகர்கள் புலம்ப, ஆஸ்கர் வென்ற ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி அது குறித்து இன்ஸ்டாகிராமில் வருத்தப்பட்டு எழுதினார். வால்யூமை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லியிருக்கிறோம் என்றார் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா. படத்தை ஆதரித்துப் பதிவு போட்ட ஜோதிகாகூட சத்தம் உறுத்துவதை ஒப்புக்கொண்டார்.

விசிலுக்கு விட்ட இடம்

அடுத்த காரணம் ரைட்டிங். மாஸ் படத்தில் ஹீரோ திரும்பிப் பார்ப்பார், ஸ்லோமோஷன், பிஜிஎம், பன்ச், அதன் பிறகு சில நொடிகள் ஒன்றுமே நடக்காது. அந்த இடம் காலியாக விடப்பட்டதல்ல. தியேட்டரில் விசிலும் கைத்தட்டலும் நிரப்ப வேண்டிய இடம் அது. முதல் நாள் முதல் காட்சியில் நிஜமாகவே நிரம்பும்.

வீட்டில் அந்த இடத்தை நிரப்புவது மிக்ஸி சத்தமும் வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனும்தான். கூட்டம் இல்லாதபோது அந்த இடம் 'லேக்' ஆகத் தெரிகிறது. இதே மாதிரி 20 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் கை தானாக போனைத் தேடும்.

முதல் வார கணக்கு

ஏன் இப்படியே எடுக்கிறார்கள்? ஏனென்றால் பெரிய படத்தின் வசூல் முதல் வார இறுதியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. திங்கட்கிழமை வரும் பார்வையாளரைவிட, முதல் நாள் முதல் காட்சிக்கு வரும் ரசிகர்தான் முக்கியம். பல மொழிகளில் ஒரே நாளில் வெளியிடும்போது, ஊரும் பேச்சும் சார்ந்த நுணுக்கம் குறைந்து, எல்லா மொழிக்கும் புரியும் அடிதடி கூடிவிடுகிறது.

ஓடிடி ஒப்பந்தங்களும் இந்தக் கணக்கில் உண்டு. தமிழில் தியேட்டருக்கும் ஓடிடிக்கும் நடுவே 4 வாரம் என்பது பரவலான வழக்கம். இந்தி மல்டிபிளெக்ஸ்கள் 8 வாரம் கேட்கின்றன. அதனால்தான் 2023-ல் 'லியோ' இந்திப் பதிப்பு தேசிய மல்டிபிளெக்ஸ் சங்கிலிகளில் வெளியாகவில்லை. 'தக் லைஃப்' 8 வார இடைவெளி என்று அறிவித்துவிட்டு 2025 ஜூன் 5 அன்று வந்தது. தியேட்டரில் சறுக்கியதும் ஜூலை 3 அன்றே நெட்ஃப்ளிக்ஸில் இருந்தது.

நீளமும் ஒரு தலைவலி. சுமார் 3 மணி நேரம் ஓடிய 'இந்தியன் 2', வெளியான சில நாட்களில் கிட்டத்தட்ட 12 நிமிடம் வெட்டப்பட்டது. ரிலீஸுக்குப் பிறகு வெட்ட முடிகிற காட்சி முன்பே தேவைப்படாத காட்சிதானே?

படம் ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது?

சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடுகிறது. பல டிவிகள் நடுவே இல்லாத ஃபிரேம்களைத் தாமே உருவாக்கிச் சேர்த்து, அசைவை வழவழப்பாக்குகின்றன. கோடிகளில் எடுத்த காட்சி சீரியல் போலத் தெரிவது இதனால்தான். இதை ஆஃப் செய்யச் சொல்லி 2018-ல் டாம் குரூஸே வீடியோ வெளியிட்டார்.

இருட்டுக் காட்சிகள் இன்னொரு சிக்கல். நெட் வேகம் குறையும்போது கருப்பு நிறம் கட்டம் கட்டமாக உடையும். நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் பிளானில் அதிகபட்சமே 480பி தான். ஐமேக்ஸுக்காக எடுத்த போர்க்களம் அதில் சாம்பல் நிறப் புகைமூட்டம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

- ஆடியோ மெனுவில் 5.1 தவிர ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.
- டிவி செட்டிங்ஸில் 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்', 'கிளியர் வாய்ஸ்' மாதிரி பெயரில் இருப்பதை ஆன் செய்யுங்கள். வசனத்துக்கும் வெடிக்கும் உள்ள இடைவெளி குறையும்.
- எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி'. இவற்றை ஆஃப் செய்யுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அது போதும்.
- இருட்டுக் காட்சி நிறைய உள்ள படமென்றால் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

சப்டைட்டில் போடலாமே என்பார்கள். எங்கள் வீட்டில் பார்த்த பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு இருந்தது ஆங்கில சப்டைட்டில்தான். அப்பாவுக்கு அதைப் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

அப்போ எல்லாமே செட்டிங்ஸ் பிரச்சினைதானா?

இல்லை. அதே டிவி, அதே ஸ்பீக்கரில்தான் 'மகாராஜா' பார்த்தோம். யாரும் எழுந்து போகவில்லை. தியேட்டரில் பெரிய அலை எழுப்பாத 'மெய்யழகன்', ஓடிடிக்கு வந்த பிறகுதான் வீடு வீடாகப் பேசப்பட்டது. ஆக்‌ஷன் படமே வீட்டில் எடுபடாது என்றும் சொல்ல முடியாது. 'கைதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். லாரியில் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை மருத்துவமனையில் சேர்க்கணும். இன்னொரு பக்கம் கமிஷனர் ஆபீஸைக் காப்பாத்தணும். விடிந்தால் மகளைப் பார்க்கணும். ஒவ்வொரு அடியும் எதற்கு என்று பாட்டிக்கும் தெரியும்.

'பாட்ஷா'வும் அப்படித்தான். 1995-ல் வந்த அந்தப் படத்தில் ஆட்டோக்காரர் மாணிக்கம், கம்பத்தில் கட்டி அடித்தாலும் திருப்பி அடிக்க மாட்டார். 'ஏன் அடிக்கல?' என்று நம்மைத் தவிக்க விட்டுத்தான், தங்கைக்கு ஆபத்து வரும்போது கையை ஓங்குவார். அந்தத் தவிப்பை உணர தியேட்டர் தேவையில்லை, 21 இன்ச் டிவியே போதும்.

மேலே சொன்ன செட்டிங்ஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அடுத்த ஞாயிறு அப்பாவைக் கூப்பிட்டு இன்னொரு புதிய ஆக்‌ஷன் படம் போட்டேன். படம் முழுக்க வால்யூம் 22-ஐ விட்டு நகரவில்லை. வசனம் தெளிவாகக் கேட்டது. பாட்டியும் எழுந்து வரவில்லை.

இரண்டாவது சண்டையின் நடுவே அப்பா என்னைப் பார்த்து, "எல்லாம் நல்லா கேக்குதுடா... ஆனா இவன் எதுக்கு அவனை அடிக்கிறான்?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை.