அணையாத அகல் விளக்கு
சாந்தோமின் கதை

நண்பர்களே! உங்கள் வீடு ஆவடியிலா, அம்பத்தூரிலா, பூந்தமல்லியிலா? அப்படியானால் கடலைப் பார்க்க விடுமுறை நாளில் மெரினாவுக்குப் போயிருப்பீர்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் வானத்தைக் குத்துவதுபோல ஒரு வெள்ளைக் கோபுரம் தெரியும். கவனித்திருக்கிறீர்களா? அதுதான் சாந்தோம் தேவாலயம்.

இன்று சாந்தோம் சென்னையின் ஒரு பகுதி. ஆனால் ஒரு காலத்தில் அது தனி ஊர். சென்னை என்ற நகரம் பிறப்பதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கப்பல்கள் வந்து நின்றன. ஆலய மணி ஒலித்தது. அந்த ஊருக்காகப் பல நாட்டுப் படைகள் சண்டை போட்டன. கடைசியில் யார் ஜெயித்தார்கள்? கதையைக் கேளுங்கள். முடிவில் நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

யார் இந்த தோமையார்?

‘சாந்தோம்’ என்றால் போர்த்துக்கீசிய மொழியில் ‘புனித தோமா’ என்று பொருள். இயேசுவின் 12 சீடர்களில் ஒருவர் தோமா. தமிழில் அவரை ‘தோமையார்’ என்று மரியாதையாகச் சொல்கிறோம்.

அவர் கி.பி. 52-ல் கடல் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தார், பிறகு மயிலாப்பூருக்கு வந்தார், கி.பி. 72-ல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். இது கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி.

இங்கே இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ‘மரபு’. அதாவது, மக்கள் வழிவழியாக நம்பிச் சொல்லி வருவது. இன்னொன்று ‘சான்று’. அதாவது கல்வெட்டு, கடிதம், நாணயம் போன்றவை. தோமையார் மயிலாப்பூருக்கு வந்தது மரபு. அவர் காலத்திலேயே எழுதப்பட்ட சான்று எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ரோமாபுரியிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கப்பல்கள் வந்ததற்குச் சான்று நிறைய உண்டு. நம் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகளே சாட்சி! ஆகவே அப்படி ஒரு பயணம் அந்த நாளில் நடக்கக்கூடியதுதான்.

மயிலாப்பூர்க் கரையில் அந்நாளில் பல சமயத்தாரும் வாழ்ந்தார்கள். சிவன் கோயில் இருந்தது. நேமிநாதர் என்ற சமணத் தீர்த்தங்கரருக்கும் கோயில் இருந்தது. கடல் பொங்கி வந்துவிடும் என்று பயந்து நேமிநாதர் சிலையை மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோனார்கள் என்று சமணர்கள் சொல்கிறார்கள். பழைய கபாலீசுவரர் கோயிலும் கடற்கரை ஓரமாகத்தான் இருந்தது, இப்போது நாம் பார்க்கும் கோயில் பிற்காலத்தில் கட்டப்பட்டது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. சாந்தோம் தேவாலய வளாகத்தில் சோழர் காலக் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது.

விளக்கேற்றிய பக்கிரி

வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோவைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழகக் கரைக்கு வந்தவர் அவர். தோமையாரின் கல்லறை ஒரு சிறிய ஊரில் இருக்கிறது என்று தம் நூலில் சொல்கிறார். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருகிறார்கள் என்கிறார். அந்த இடத்துச் செம்மண்ணைக் கொஞ்சம் எடுத்துப்போய், காய்ச்சல் கண்டவர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்களாம்!

அதற்குப் பிறகு 200 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஆலயம் பாழடைந்தது. செடிகொடிகள் மண்டிவிட்டன.

1516-ஆம் ஆண்டு வாக்கில் துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கீசியர் இந்தியக் கரைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்த ஆலயத்தைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. ஆலயம் இடிந்து கிடக்கிறது. அதை ஒரு முஸ்லிம் பக்கிரி பார்த்துக்கொள்கிறார். அவர் பிச்சை எடுத்து, அந்தக் காசில் எண்ணெய் வாங்கி, இரவில் அங்கே ஒரு விளக்கை எரியவிடுகிறார் என்பதுதான் அந்தச் செய்தி.

யோசித்துப் பாருங்கள். கிறிஸ்தவரின் கல்லறை. ஊரோ இந்துக்கள் நிறைந்த ஊர். அங்கே விளக்கேற்றியவர் ஒரு முஸ்லிம். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது!

ஊர் உருவாகிறது

1517-ல் மலாக்காவிலிருந்து வந்த சில போர்த்துக்கீசியர்கள் பழவேற்காட்டில் இறங்கினார்கள். அவர்களுடன் வந்த ஆர்மீனிய வணிகர்கள்தான் அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துப்போய்க் கல்லறையைக் காட்டினார்கள். வந்தவர்களில் தியோகு பெர்னாண்டஸ் என்பவர் பிறகு அங்கேயே தங்கிவிட்டார்.

1523-ல் பழைய ஆலயத்தைச் செப்பனிட்டார்கள். கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகளும் ஓர் ஈட்டி முனையும் மண் பாத்திரமும் கிடைத்ததாக அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சாட்சி சொன்னார்கள்.

ஆலயம் எழுந்ததும் சுற்றிலும் வீடுகள் முளைத்தன. படையில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், வணிகர்கள், கப்பல்காரர்கள் என்று பலரும் குடியேறினார்கள். ஒரு ஆலயம், அதற்கு ஒரு குரு, அவரைச் சுற்றி வாழும் மக்கள் - இதைத்தான் கத்தோலிக்கர்கள் ‘பங்கு’ என்கிறார்கள். சாந்தோம் பங்கு இப்படித்தான் தொடங்கியது.

1545-ல் ஒரு முக்கியமான விருந்தினர் வந்தார். அவர்தான் புனித பிரான்சிஸ் சவேரியார்! தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளிக்கும் மக்களிடையே பணியாற்றியவர். சாந்தோம் பங்குக் குருவின் வீட்டில் சுமார் 4 மாதம் தங்கினார். அடுத்து எங்கே போவது என்று அவருக்குக் குழப்பம். இரவு நேரத்தில் கல்லறைக்குப் போய் ஜெபிப்பாராம். பிறகு இங்கிருந்துதான் மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். சில ஆண்டுகளில் ஜப்பான் வரை போய்விட்டார்!

1606-ல் மயிலாப்பூர் ஒரு மறைமாவட்டம் ஆனது. அதாவது ஆயர் ஒருவரின் தலைமையிடம் ஆனது. அந்த ஆயரின் எல்லை எதுவரை தெரியுமா? வங்காளம், பர்மா வரைக்கும்!

பூந்தமல்லியில் நடந்த பேச்சு

இப்போது கதை உங்கள் பக்கத்துக்கு வருகிறது. பூந்தமல்லி நண்பர்களே, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

1639-ல் இந்தக் கரையை ஆண்டவர் வெங்கடப்ப நாயக்கர். அவர் இருந்தது வந்தவாசியில். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்ததோ பூந்தமல்லியில்! வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள். தெற்கே சாந்தோமில் போர்த்துக்கீசியர்கள். இருவருக்கும் ஓயாத சண்டை. நடுவே மூன்றாவதாக ஒருவரைக் குடிவைத்தால் நல்லது என்று ஐயப்பர் நினைத்தார் என்பார்கள். அவர் மூலமாகத்தான் ஆங்கிலேயர் பிரான்சிஸ் டேக்கு இடம் கிடைத்தது. சாந்தோமிலிருந்து வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில் இருந்த மணல் வெளி அது. அங்கேதான் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. இந்தச் சகோதரர்களின் தந்தை பெயர் சென்னப்ப நாயக்கர். ‘சென்னை’ என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது என்பது பலரும் ஏற்கும் கருத்து.

புதிய ஊர் வந்ததும் பழைய ஊருக்குத் தலைவலி ஆரம்பித்தது. சாந்தோம்காரர்கள் பலர் ஆங்கிலேயர் ஊரில் வேலைக்குப் போய்க் குடியேறினார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள். பூசைக்கு எங்கே போவது?

1642-ல் எப்ரேம் என்ற பிரெஞ்சுத் துறவி சென்னைக்கு வந்தார். பர்மாவுக்குப் போகும் வழியில் வந்தவரை ஆங்கிலேயர்கள் ‘இங்கேயே இருங்கள்’ என்று நிறுத்திக்கொண்டார்கள். கோட்டைக்குள் அவருக்கு ஆலயம் அமைந்தது. பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடமும் சொல்லிக்கொடுத்தார்.

சாந்தோமில் இருந்த அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. ‘இந்தக் கரை எங்கள் ஆயரின் எல்லை. எங்களைக் கேட்காமல் நீ எப்படி வரலாம்?’ என்பது அவர்கள் கட்சி. 1649-ல் எப்ரேமைச் சாந்தோமுக்கு வரவழைத்துப் பிடித்தார்கள். கப்பலில் ஏற்றிக் கோவாவுக்கு அனுப்பினார்கள். அங்கே மத விசாரணை மன்றம் அவரைச் சிறையில் அடைத்தது. ஆங்கிலேயர்கள் கொதித்தார்கள். கோல்கொண்டா சுல்தான் தரப்பிலிருந்தும் சாந்தோமுக்கு மிரட்டல் வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே எப்ரேம் விடுதலையானார். வந்தவர் பயந்து ஓடினாரா? இல்லை. மறுபடியும் சென்னைக்கே வந்து அதே வேலையைத் தொடர்ந்தார்!

பார்த்தீர்களா? கத்தோலிக்கக் குருவைச் சிறைவைத்தவர்களும் கத்தோலிக்கர்கள். விடுவிக்கக் குரல் கொடுத்தவர்கள் வேறு சபையையும் வேறு மதத்தையும் சேர்ந்தவர்கள். அதிகாரச் சண்டை வந்தால் இப்படியெல்லாம் நடக்கும்.

கொடிகள் மாறின

பிறகு சாந்தோமுக்கு வரிசையாகச் சோதனைகள். 1662-ல் கோல்கொண்டா படை ஊரைப் பிடித்தது. 1672-ல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து பிடித்துக்கொண்டன. கோல்கொண்டாவும் டச்சுக்காரர்களும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். உணவு தீர்ந்து 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். அந்த முற்றுகையின்போது பிரான்சுவா மார்ட்டின் என்பவர் சிலருடன் புதுச்சேரிக்குப் போனார். புதுச்சேரி வளர்ந்த கதை அங்கே தொடங்குகிறது!

இனி யாரும் ஊரைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று கோல்கொண்டா ஆட்கள் கோட்டைச் சுவர்களை இடித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் மயிலாப்பூருக்கு ஆயரே இல்லை. 1749-ல் ஆங்கிலேயர்கள் சாந்தோமைத் தங்களுடன் சேர்த்துக்கொண்டார்கள். தனி ஊராக இருந்த சாந்தோம் சென்னைக்குள் கரைந்தது.

ஆனால் பங்கு கரையவில்லை. மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1893-ல் பழைய ஆலயத்தை எடுத்துவிட்டுப் புதிய ஆலயம் கட்டத் தொடங்கினார்கள். 1896-ல் அது அர்ச்சிக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது அதைத்தான். பெரிய கோபுரத்தின் உயரம் சுமார் 155 அடி. இன்னொரு சிறிய கோபுரமும் இருக்கிறது. அது எதற்கு? தரைக்குக் கீழே கல்லறை இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கு! 1956-ல் இந்த ஆலயத்துக்கு ‘பசிலிக்கா’ என்ற சிறப்புத் தகுதி கிடைத்தது. 1986-ல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து ஜெபித்தார்.

ஜெயித்தது யார்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். போர்த்துக்கீசியர், கோல்கொண்டா, பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் பீரங்கியோடு மோதினார்களே, யார் ஜெயித்தார்கள்?

சாந்தோம் நெடுஞ்சாலையில் நின்று தேடிப் பாருங்கள். அந்தக் கோட்டைச் சுவர் கண்ணில் படாது. யாருடைய கொடியும் பறக்கவில்லை. ஆனால் தரைக்குக் கீழே உள்ள கல்லறைச் சிற்றாலயத்துக்குப் போனால், எல்லா மதத்தவரும் அமைதியாக உட்கார்ந்து கும்பிடுவதைப் பார்க்கலாம். மார்க்கோ போலோ எழுதிய அதே காட்சி!

பீரங்கி வைத்திருந்தவர்களால் காப்பாற்ற முடியாத ஊரின் நினைவை, பிச்சைக் காசில் எண்ணெய் வாங்கிய ஒருவர் காப்பாற்றிக் கொடுத்தார். அவர் அணையாமல் பார்த்துக்கொண்ட விளக்குதான் பின்னால் வந்தவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டியது.

உங்கள் தெருவில் உள்ள கோயில், மசூதி, தேவாலயம் எதுவானாலும் சரி, இன்று மாலை தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: ‘முதன்முதலில் இங்கே விளக்கேற்றியது யார்?’ பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்று அது மரபு. தேதி போட்டு எழுதிவைத்தால், நாளை அது சான்று!

தெரிந்துகொள்வோம்

* ஜன்னல், சாவி, அலமாரி, ஏலம், பாதிரியார் - இவையெல்லாம் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள்.

* அந்நாளில் ஐரோப்பியர்களை ‘பரங்கியர்’ என்று அழைத்தார்கள். அவர்கள் வாழ்ந்த மலை பரங்கிமலை ஆயிற்று.

* 1547-ல் பரங்கிமலையில் ஒரு பழைய கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றி இருக்கும் எழுத்து, பழைய பாரசீகத்தில் வழங்கிய பகலவி எழுத்து!