முப்பதைக் கடந்த கால்கள்

1983 ஜனவரி 30, கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரம். சூப்பர் பௌல் இறுதிப் போட்டியின் கடைசிக் கால்பகுதியில் வாஷிங்டன் அணி மயாமியைவிட 13-17 எனப் பின்தங்கியிருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. வாஷிங்டனுக்கு மூன்று தீர்ந்துவிட்டன. இன்னும் ஒரு யார்டு வேண்டும். பந்து யார் கைக்குப் போகும் என்பது அரங்கத்துக்கே தெரியும், எதிரில் நின்ற மயாமி வீரர்களுக்கும் தெரியும். 33 வயது ஜான் ரிக்கின்ஸ் பந்தை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடினார். சட்டையைப் பற்றிய தடுப்பாளரை உதறிவிட்டு 43 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். அன்று 38 முறை பந்தைச் சுமந்து 166 யார்டு கடந்தவர் அவர். வாஷிங்டன் 27-17 என வென்றது. ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே.

2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளென்டேல் நகரம். மீண்டும் சூப்பர் பௌல். நியூ இங்கிலாந்திடம் 24-28 எனப் பின்தங்கியிருந்த சியாட்டில் அணிக்கு ஒரே ஒரு யார்டு ஓடினால் வெற்றி. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. முந்தைய வாய்ப்பில் நான்கு யார்டு முட்டி முன்னேறியிருந்த மார்ஷான் லிஞ்ச் களத்தில்தான் நின்றார். பயிற்சியாளர்கள் பந்தை அவரிடம் தரவில்லை, எறியச் சொன்னார்கள். மால்கம் பட்லர் என்ற புதுமுகம் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்தார். கோப்பை கைநழுவியது.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடைப்பட்ட 32 ஆண்டுகளில், பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் என்ற ஆட்டக்காரரைப் பற்றிய எண்ணமே மாறிப்போயிருந்தது.

அன்று அவரைச் சுற்றியே அணி கட்டப்பட்டது. சிகாகோவின் வால்டர் பேட்டன் 13 சீசன்களில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் தவறவிட்டார். அதுவும் முதல் சீசனில். ஓய்வு பெற்றபோது அவர் கடந்திருந்த தூரம் 16,726 யார்டு. 1993-ல் டாலஸ் அணியின் எம்மிட் ஸ்மித், ஊதியம் படியாததால் சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களில் ஆடவில்லை. நடப்புச் சாம்பியனான டாலஸ் இரண்டிலும் தோற்றது. உடனே உரிமையாளர் ஜெரி ஜோன்ஸ் இறங்கி வந்தார்; நான்கு ஆண்டுகளுக்கு 1.36 கோடி டாலர் என ஒப்பந்தமானது. ஸ்மித் வந்தார், டாலஸ் மீண்டும் கோப்பையை வென்றது. அந்தச் சீசனின் கடைசி வழக்கமான ஆட்டத்தில் தோள் மூட்டு விலகிய நிலையிலும் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக 168 யார்டு ஓடினார். அன்று அந்த இடத்தில் நின்றவருக்குப் பேரம் பேசும் வலு இருந்தது.

அந்த வலு ஒரே நாளில் போகவில்லை. 1978-ல் வந்த விதிமாற்றங்கள் தொடங்கிவைத்தன. பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து யார்டுக்கு அப்பால் தட்டி நிறுத்தக் கூடாது என்றானதும், பந்தை எறிவது கொஞ்சம் கொஞ்சமாக லாபமான வழியாயிற்று. அடுத்த அடி டென்வர் அணியிலிருந்து வந்தது. 1998-ல் 2,008 யார்டு ஓடிய டெரல் டேவிஸின் முழங்கால் மறு ஆண்டே காயப்பட்டது. அவர் இடத்தில் இறங்கிய புதுமுகம் ஒலாண்டிஸ் கேரி 1,159 யார்டு ஓடினார். அதற்கடுத்த ஆண்டு மைக் ஆண்டர்சன் என்ற இன்னொரு புதுமுகம் 1,487 யார்டு. ‘முன்வரிசை நன்றாகத் தடுத்தால் யார் வேண்டுமானாலும் ஓடலாம்’ என்று அணி நிர்வாகிகள் முடிவுகட்டினார்கள். புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013-ன் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை. 1963-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

எல்லாவற்றையும்விடப் பலத்த அடி 2011-ன் தொழிலாளர் ஒப்பந்தம். டிராஃப்டில் வருபவருக்கு நான்கு ஆண்டு, வரையறுத்த ஊதியம். மூன்று சீசன் முடியும்வரை அதைத் திருத்தவே முடியாது. முதல் சுற்று வீரரை ஐந்தாம் ஆண்டும் நிறுத்திவைக்கலாம். அதன்பின் ‘ஃப்ராஞ்சைஸ் டேக்’ போட்டு மேலும் ஓராண்டு கட்டிப்போடலாம். ரன்னிங் பேக்கின் உடல் தன் முழுப் பலத்தோடு இருப்பது அந்த ஆண்டுகளில்தான். அவை முடிந்து அவர் விடுதலையாகும்போது, ‘உனக்கு வயதாகிவிட்டது’ என்கிறது சந்தை. 2022-ல் லீகிலேயே அதிகமாக 1,653 யார்டு ஓடிய ஜாஷ் ஜேக்கப்ஸுக்கு மறு ஆண்டு கிடைத்தது நீண்ட ஒப்பந்தமல்ல, ஏறத்தாழ 1.01 கோடி டாலர் மதிப்புள்ள டேக். அதே ஆண்டு, பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்கான டேக் 3.2 கோடியைத் தாண்டியது.

ஊதியத்துக்காக எதிர்த்து நின்றவரின் கதையும் மாறிவிட்டது. ரிக்கின்ஸ் 1980 சீசன் முழுவதும் ஊதியத் தகராறில் ஆடாமல் இருந்தார். புதுப் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் கான்சஸ் வரை போய் அவரை அழைத்தார். பிட்ஸ்பர்கின் லெவியான் பெல் 2018-ல் அதையே செய்தார். பிட்ஸ்பர்க் அவரை விட்டுவிட்டது. போன இடத்தில் அவர் பழைய பெல்லாக இல்லை.

அணிகளின் கணக்கு முழுத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். இந்த வேலை உடலைத் தின்பது. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் 2018-ல் பெரிய ஒப்பந்தம் தந்த டாட் கர்லியை, முழங்கால் ஒத்துழைக்காமல் 2020-ல் விடுவிக்க நேர்ந்தது. ஆனால் அந்தக் கணக்கில் யார்டுகள் மட்டுமே ஏறுகின்றன. அனுபவமுள்ள ரன்னிங் பேக்கின் பாதி வேலை பந்து கையில் இல்லாதபோது நடக்கிறது. குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவன் எந்த இடைவெளியில் வருவான் என்பதைப் பந்து நகரும் முன்பே படித்து, அவனைவிடப் பருத்தவனானாலும் குறுக்கே நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். 2017 சூப்பர் பௌலில் அட்லான்டா 28-12 என முன்னிலையில் இருந்தபோது ரன்னிங் பேக் ஒரே ஒரு தடுப்பைத் தவறவிட்டார். எதிரணியின் டான்டா ஹைடவர் புகுந்து குவாட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். அட்லான்டா கடைசியில் 28-34 எனத் தோற்றது.

அந்தத் தடுக்கும் வேலையை முகம் சுளிக்காமல் செய்தவர் ஃபிராங்க் கோர். கல்லூரியிலேயே இரண்டு முழங்கால்களிலும் தசைநார் கிழிந்தவர். 2005 டிராஃப்டின் மூன்றாவது சுற்றில்தான் சான் பிரான்சிஸ்கோ அவரை எடுத்தது. 16 சீசன்கள் ஆடிச் சரியாக 16,000 யார்டு கடந்தார். வரலாற்றில் அவருக்கு முன்னால் ஸ்மித்தும் பேட்டனும் மட்டுமே. 2016-ல், 33 வயதில், 1,025 யார்டு. அந்த வயதில் ஆயிரத்தைத் தொட்டவர் 1984-ன் ரிக்கின்ஸுக்குப் பிறகு வேறு யாருமில்லை.

2024-ல் சந்தையின் தீர்ப்பு ஆட்டம் கண்டது. நியூயார்க் ஜயன்ட்ஸ் போகவிட்ட சாக்வான் பார்க்லி, பரம எதிரியான பிலடெல்ஃபியாவுக்குப் போய் 2,005 யார்டு ஓடினார், கோப்பையையும் வென்றார். டென்னசி போகவிட்ட டெரிக் ஹென்றி, முப்பது வயதில் பால்டிமோருக்காக 1,921 யார்டு ஓடினார். மறு மார்ச்சில் பார்க்லியின் ஊதியம் ஆண்டுக்கு இரண்டு கோடி டாலரைத் தாண்டியது. எந்த ரன்னிங் பேக்கும் அதுவரை தொடாத உயரம் அது.

இருவர் வென்றதால் அநீதி தீர்ந்துவிடாது. அவர்கள் அளவுக்கு உடல் தாங்காத நூற்றுக்கணக்கானவர்கள், உழைத்த ஆண்டுகளுக்குரிய கூலியைப் பார்க்காமலே வெளியேறுகிறார்கள். இந்த இடத்தில் ஆடுபவருக்கு மட்டுமாவது முதல் ஒப்பந்தத்தை மூன்று ஆண்டாகக் குறைக்க வேண்டும். கால்களில் ஓட்டம் இருக்கும்போதே அவர் பேரம் பேச முடிய வேண்டும். நம்பி நிற்கக்கூடிய ஆள் வேண்டும் என்று கேட்கும் அணிகள், அந்த நம்பிக்கைக்கு உரிய காலத்தில் விலை கொடுக்கட்டும்.