ஒரு செய்மதி கைவிட்டால் இன்னொன்று தாங்குமா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மாத்தளை மலைகளைப் புரட்டிப்போட்டபோது, வீதிகளோடு தொடர்பும் அறுந்தது. ஒளியிழைக் கேபிள்கள் மண்ணோடு போயின. மின்சாரம் நின்று, பற்றரி தீர்ந்ததும் கோபுரங்கள் ஊமையாகின. நாடெங்கும் ஆயிரக்கணக்கான கோபுரங்களுக்கு இதே கதிதான். அதன் பிறகு செய்மதி இணையம் பற்றி ரத்தொட்ட, எல்கடுவ, லக்கல பக்கம் எழும் சந்தேகங்களில் சில இவை.

ஸ்டார்லிங்க்தான் வந்துவிட்டதே, இனி என்ன பயம்?

2024 ஓகஸ்டில் அனுமதிப்பத்திரம் கிடைத்து, 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது உண்மை. அதே ஜூலை 24ஆம் திகதி, அந்த நிறுவனத்தின் மென்பொருள் கோளாறால் உலகம் முழுவதும் சுமார் இரண்டரை மணிநேரம் சேவை படுத்துவிட்டதும் உண்மை. ஆகாயத்தில் செய்மதிகள் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. தரையில் இருந்த மூளைதான் நின்றுபோனது. வெள்ள நாளில் அந்த இரண்டரை மணிநேரம் வந்திருந்தால் என்பதே என் கவலை.

அப்படி நின்றால் வேறு நிறுவனத்தின் செய்மதி தானாக ஏற்றுக்கொள்ளாதா?

ஏற்றுக்கொள்ளாது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரே நிறுவனத்துக்குள் கைமாற்றம் ஓயாமல் நடக்கிறது: ஸ்டார்லிங்க் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் விரைவதால், எந்த டிஷ் எந்தச் செய்மதியோடு பேசவேண்டும் என்பது 15 செக்கனுக்கு ஒருமுறை புதிதாக வகுக்கப்படுகிறது. நிறுவனம் மாறினால் கதை வேறு. வன்வெப் நிறுவனத்தின் செய்மதிகள் 1,200 கிலோமீற்றரில், எஸ்.ஈ.எஸ். நிறுவனத்தின் நடுத்தரப் பாதைச் செய்மதிகள் ஏறத்தாழ 8,000 கிலோமீற்றரில், பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிலைத்து நிற்பவை 35,786 கிலோமீற்றரில். ஒவ்வொன்றுக்கும் தனி டிஷ், தனிக் கணக்கு, தனிக் கட்டுப்பாட்டு நிலையம். இ.போ.ச. சீசன் டிக்கட்டைத் தனியார் பஸ்ஸில் நீட்டினால் என்ன நடக்குமோ அதுதான் இங்கும் நடக்கும்.

பல வலையமைப்புகளுக்கிடையே மாறக்கூடிய ஒரே கருவியை நாசா 2025 ஜூலையில் விண்ணுக்கு அனுப்பிச் சோதித்தது. நாசாவின் சொந்தச் செய்மதிகள், எஸ்.ஈ.எஸ்., வயாசாட் நிறுவனங்களின் செய்மதிகள் ஆகிய மூன்றோடும் அது பேசியது. ஆனால் அது விண்கலங்களுக்கான பரிசோதனை. கம்மடுவ பாடசாலைக் கூரைக்கு வர வெகுநாள் ஆகும்.

எங்கள் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. டிஷ் வைத்தால் பிடிக்குமா?

இதுதான் மாத்தளைக்கே உரிய சிக்கல். தாழ்வாகப் பறக்கும் செய்மதிகளைத் துரத்திப் பிடிக்க டிஷ்ஷுக்கு அகன்ற, மறைவில்லாத வானம் வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடிப்புகளில் அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. 43, 53 பாகை சாய்ந்த பாதைகளில் சுற்றும் செய்மதிகள் வட, தென் எல்லைகளில் நெருங்கிக் கூடி, மத்திய கோட்டை அண்டிய நம் பகுதியில் ஐதாகிவிடுகின்றன. போதாததற்கு, நிலைத்து நிற்கும் செய்மதிகளுக்கு இடையூறு செய்யக்கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி. அந்தச் செய்மதிகளின் வளையம் மத்திய கோட்டுக்கு நேர்மேலே இருப்பதால், நமக்கு அது கிட்டத்தட்ட உச்சந்தலையில், சற்றுத் தெற்கே தள்ளி ஓடுகிறது. தாழ்வான வலையமைப்பின் டிஷ் அந்தப் பட்டையைத் தவிர்த்துப் பக்கவாட்டில் தேடவேண்டும். பக்கவாட்டில் மலை நிற்கிறது!

நிலைத்து நிற்கும் செய்மதியைப் பார்க்கும் பழைய பாணி டிஷ்ஷுக்கோ அந்த உச்சிப் பட்டையே வரப்பிரசாதம். இந்து சமுத்திரத்தின் மேல், நம் நெடுங்கோட்டை ஒட்டி நிற்கும் செய்மதியை ஆழமான பள்ளத்திலிருந்தும் கிட்டத்தட்ட நேராக மேலே பார்த்துப் பிடித்துவிடலாம். குறை தாமதம்தான்: கேள்வி போய்ப் பதில் வர அரை செக்கன். பேச்சில் அது உறுத்தும். நிவாரணப் பட்டியல் அனுப்பவும் மண்சரிவு எச்சரிக்கை வாங்கவும் தாராளம்.

கொட்டும் மழையில் எதுவும் வேலை செய்யாதாமே?

பாதி உண்மை. வேக இணையத்துக்கான உயர் அலைவரிசைகளைக் கடும் மழை உறிஞ்சிவிடும்; பெரும்பாலும் மழை தணிந்ததும் திரும்பிவரும். இரிடியம், இன்மார்சாட் செய்மதித் தொலைபேசிகளின் தாழ்ந்த அலைவரிசையை மழை பெரிதாகப் பாதிக்காது. அவற்றில் படம் போகாது, குரலும் குறுஞ்செய்தியும் போகும்.

கைத்தொலைபேசிக்கே செய்மதி நேராகப் பேசாதா?

சில நாடுகளில் தொடங்கிவிட்டது. அதற்குப் பெரும்பாலும் உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்தோடு உடன்பாடு வேண்டும். அதை நம்பி இந்த ஆண்டுத் திட்டம் போடாதீர்கள்.

சரி, இரண்டு டிஷ் வைத்தால் யார் மாற்றிவிடுவது?

ரவுட்டர். இரண்டு, மூன்று இணைப்புகளை ஏற்கும் ரவுட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அது ஒவ்வொரு பாதையையும் இடைவிடாது தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் அடுத்ததற்குத் தாவும். மாறும்போது இணைய முகவரியும் மாறுவதால் நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அறுந்துவிடும், வங்கிக் கணக்கு வெளியே தள்ளும். வட்ஸ்அப் செய்தி மட்டும் மறுபடி முயன்று போய்விடும். அழைப்பும் அறாதிருக்க, எல்லாப் பாதைகளையும் மலைக்கு வெளியே உள்ள ஒரு சேவையகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கிருந்து ஒரே முகவரியில் வெளியே விடவேண்டும்.

வேகமான பாதை விழுந்து மெதுவான பாதை மட்டும் எஞ்சும்போது எது முதலில் போகவேண்டும் என்பதையும் முன்கூட்டியே ரவுட்டரில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ பார்க்கும் வீடியோ, கிராம சேவகரின் செய்தியை வழிமறிக்கும்.

இதெல்லாம் லயத்தில் இருப்பவருக்குக் கட்டுப்படியாகுமா?

தனி வீட்டுக்கு ஆகாது. தோட்டச் சம்பளத்தில் அந்த டிஷ் வாங்கச் சொல்வது கேலி. பிரதேச செயலகம், தோட்ட வைத்தியசாலை, பாடசாலை என்று பொது இடங்களில்தான் வைக்கவேண்டும். செலவு அரசினதும் தோட்டக் கம்பனியினதும். மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்: ஒரு ஸ்டார்லிங்க் டிஷ் மட்டுமே 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், பாதிக்கு மேல் வடிக்கக்கூடாத 100 அம்பியர்-மணி வாகனப் பற்றரி ஒன்று ஆறேழு மணிநேரம்தான் தாங்கும். வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் ஒரு நாள், முதல் டிஷ்ஷின் வயரைக் கழற்றிவிட்டு இரண்டாவது ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் திருத்த அப்போது நேரம் இருக்கும்.