பக்கத்து நாற்காலி

1905 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். வந்தவர்கள் எல்லோரும் காசநோயாளிகள். மலைக்காற்றுக்காக சானடோரியம் போய் மாதக்கணக்கில் படுத்திருக்க அவர்களிடம் பணம் கிடையாது. காசநோய்க்கான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்க இன்னும் 38 வருஷம் இருந்தது. அன்றைக்குத் தெரிந்த வைத்தியமே ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று இவ்வளவுதான். அதை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்றார் பிராட். பாஸ்டன் குளிரில் மொட்டை மாடியிலும் பால்கனியிலும் படுக்கை போட வேண்டியதுதான். ஆளுக்கொரு நோட்டு. காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பாடு, எத்தனை மணி நேரம் ஓய்வு என்று தினமும் எழுத வேண்டும். வாரம் ஒருநாள் கூடி, எடை பார்த்து, நோட்டைக் காட்ட வேண்டும்.

பிராட் மனநல மருத்துவர் அல்ல. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றுவதைவிட, பதினைந்து இருபது பேரை உட்காரவைத்து ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. நடந்தது வேறு. எடை கூடியவரின் முகத்தைப் பார்த்து, கூடாதவருக்குத் தெம்பு வந்தது. வெவ்வேறு இனம், வெவ்வேறு மதம். பொதுவாக இருந்தது நோய் ஒன்றுதான். அந்த நோயே அவர்களை ஒட்டவைத்தது என்பதை பிராட் கவனித்தார். குழு சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அரசு மருத்துவமனையின் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. "உங்களுக்கும் சுகரா? எத்தனை வருஷமா?" என்று ஆரம்பித்தால் போதும், டாக்டரிடம் மறைத்ததெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் வந்துவிடும். குழு சிகிச்சை அந்தப் பேச்சுக்கு ஒரு வரம்பு கட்டியது. ஏழெட்டுப் பேர், வட்டமாக நாற்காலிகள், வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒன்றரை மணி நேரம். இங்கே பேசியது இந்த அறையைத் தாண்டக் கூடாது. நடத்துகிறவர் பிரசங்கம் செய்ய மாட்டார். யார் பேசவில்லை, யார் யாரை அடக்குகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மருத்துவரும் நோயாளியும் மட்டும் இருக்கும் அறையில் ஓர் உறவுதான் உண்டு. எட்டுப் பேர் உட்கார்ந்தால் 28 உறவுகள். வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் மூன்றாம் வாரமே இங்கேயும் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார். அடுத்தவரைப் பேசவிடாதவரும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே எதிரில் இருப்பவர் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

இந்தத் துறையில் இன்றும் படிக்கப்படும் பாடநூலை 1970இல் எழுதியவர் இர்வின் யாலோம். குழு எதனால் குணமாக்குகிறது என்று அவர் போட்ட பட்டியலில் ஒன்று: எனக்கு மட்டும் இல்லை என்ற கண்டுபிடிப்பு. பல வருஷம் படுத்த படுக்கையாக இருந்த அம்மா இறந்தபோது, அழுகைக்கு முன்னால் 'அப்பாடா' என்றுதான் மனசுக்குள் வந்தது என்று ஒருவர் தரையைப் பார்த்தபடி சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்தால் எதிரே மூன்று பேர் மெதுவாகத் தலையசைக்கிறார்கள். அதெல்லாம் இயல்புதான் என்று மருத்துவரும் சொல்லலாம். ஆனால் அவர் சம்பளத்துக்குச் சொல்கிறார். இந்த மூன்று பேருக்கும் பொய் சொல்ல அவசியமில்லை. தலையசைத்தவர்களுக்கும் லாபம் உண்டு. யாருக்கும் உதவாத ஜென்மம் என்று தன்னை நினைத்திருந்தவர், அன்றைக்கு இன்னொருவருக்கு உதவியிருக்கிறார். இதுவும் யாலோம் பட்டியலில் இருக்கிறது.

சரி, மனசு லேசாகிறது. உடம்பு? 1970களில் ஸ்டான்ஃபோர்டில் யாலோமும் டேவிட் ஸ்பீகலும், மார்பகப் புற்றுநோய் உடலில் பரவிவிட்ட பெண்களுக்காகக் குழு நடத்தினார்கள். அங்கே சாவைப் பற்றியும் பேசினார்கள். 86 பெண்கள் சேர்ந்த அந்த ஆய்வின் கணக்கை ஸ்பீகல் பிற்பாடு புரட்டியபோது அவருக்கே திகைப்பு. குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதமும், மற்றவர்கள் 18.9 மாதமும் உயிரோடு இருந்திருக்கிறார்கள். 1989இல் லான்செட் இதழில் இது வந்ததும், பேச்சு ஆயுளைக் கூட்டுகிறது என்று உலகமே பேசியது. 2001இல் கனடாவின் பமேலா குட்வின் குழுவினர் 235 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் கிடைத்தது 17.9, 17.6 மாதம். வித்தியாசமே இல்லை. ஸ்பீகல் தாமே திரும்பச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்விலும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை.

இங்கேயே கதையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. குட்வின் ஆய்வின் மறுபாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழுவில் இருந்த பெண்களுக்கு வலியும் மன உளைச்சலும் மற்றவர்களுக்கு ஏறிய அளவு ஏறவில்லை. ஆரம்பத்திலேயே அதிகம் தவித்தவர்களுக்குத்தான் இந்தப் பலன் அதிகம். அதே கட்டி, அதே மாதக்கணக்கு, ஆனால் வலி குறைவு. இதைச் சின்ன விஷயம் என்று புற்றுநோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட யாரும் சொல்ல மாட்டார்கள்.

எல்லோருக்கும் குழு ஒத்துவராது. மோசமாக நடத்தப்படும் குழு காயத்தைக் கிளறி அப்படியே விட்டுவிடவும் செய்யும். நடத்தப் பயிற்சி வேண்டும். பட்டம் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு உகாண்டாவில் ஒரு பதில் கிடைத்தது.

அந்நாட்டின் தெற்கே மசாக்கா, ராக்காய் மாவட்டங்களை எய்ட்ஸ் சூறையாடியிருந்தது. மனநல மருத்துவர்களுக்குப் பஞ்சம். ஆய்வாளர்கள் முதலில் கிராமத்தாரிடமே கேட்டார்கள்: இந்த வருத்தத்துக்கு உங்கள் பாஷையில் என்ன பெயர்? இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒன்று தன்னையே வெறுத்துக்கொள்வது, மற்றது தனக்குத்தானே இரங்கிக்கொள்வது. 30 கிராமங்களில் பாதிக்குக் குழு சிகிச்சை என்று குலுக்கலில் முடிவானது. பெண்களுக்குத் தனிக் குழு, ஆண்களுக்குத் தனிக் குழு. நடத்தியவர்கள் இரண்டு வாரப் பயிற்சி எடுத்த உள்ளூர்க்காரர்கள். இறந்தவர்கள், சண்டைகள், தலைகீழாகிப்போன வாழ்க்கை என்று 16 வாரம் பேசினார்கள். முடிவுகள் 2003இல் வெளியாயின. குழுவில் 86 சதவீதம் பேருக்கு இருந்த மனச்சோர்வு 6.5 சதவீதமாக இறங்கியது. குழு கிடைக்காத கிராமங்களில் 94இலிருந்து 54.7ஆக.

பதினாறாவது வாரத்தோடு திட்டம் முடிந்தது. ஆறு மாதம் கழித்து ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தபோது, பல குழுக்கள் தாங்களாகவே கூடிப் பேசிக்கொண்டிருந்தன.