குழந்தையின் பெயரில் ஓடும் முன்…

எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது நோக்கம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார்; அடுத்த ஆண்டு மறைந்தார். அவர் பெயரிலான ஓட்டம் பல நாடுகளில் நடக்கிறது, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிறது. ஓடத் தொடங்கியபோது டெர்ரிக்கு வயது 21. தன் பெயரையும் நோயையும் ஊரறியச் சொல்வதென முடிவெடுத்தவர் அவரே.

ஆனால் ஆறு வயதுக் குழந்தையிடம், உன் பெயரையும் நோயையும் வெளியே சொல்லலாமா என்று யாரும் கேட்பதில்லை.

நோயுற்ற குழந்தைக்காக நிதி திரட்டும் ஓட்டத்தில் அணியாகச் சேரும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். சித்தப்பா, மாமா, அப்பாவின் அலுவலக நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். அன்றிரவே அணிக்குப் பெயர் முடிவாகிவிடும்: குழந்தையின் முழுப்பெயர், கூடவே நோயின் பெயர். அடுத்த வாரம் டி-ஷர்ட் வந்து சேரும். முன்பக்கம் முடி கொட்டிய தலையோடு குழந்தையின் படம், பின்பக்கம் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் பெயர். அவர்களின் அன்பில் குறையே இல்லை. ஆனால் வழியில் நின்று பார்க்கும் யாரோ ஒருவருக்கு, குழந்தை யார், என்ன நோய், எங்கே போனால் பார்க்கலாம் என்பது வரை தெரிந்துவிடுகிறது.

ஓட்டம் ஒரு காலையில் முடிந்துவிடும். அணிப்பெயரோ முடிவுகள் பட்டியலிலும் நன்கொடைப் பக்கத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், தேடினால் கிடைக்கும். வருமானம் மிகுந்த நாடுகளில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்ல சிகிச்சை கிடைத்த குழந்தை வளரும், படிக்கும், வேலை தேடும்; அப்போதும் பழைய நோய் தேடலில் தெரியும். டைப் 1 நீரிழிவோ வலிப்போ உள்ள பெண்களுக்கு வரன் பார்க்கும்போது, நோய் தெரிந்ததும் சம்பந்தம் தட்டிப்போவது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததே. அது சமூகத்தின் குற்றம்; அதற்கான விலையைக் கொடுப்பவள் அந்தப் பெண்.

சட்டம் குழந்தையின் பக்கம்தான் நிற்கிறது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையும் அந்தரங்க உரிமையும் குழந்தைக்கு உண்டு என்கிறது அது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. குழந்தை விஷயத்தில் ‘தாமே’ என்பதில் பெற்றோரும் அடக்கம். அப்பா எல்லாரும் பார்க்கும்படி பதிவிட்டுவிட்டால் இந்தச் சட்டத்தின் காவல் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே, பெயரைக் குழந்தையிடமே கேட்பதுதான் சரி. பெரியவர்கள் ‘போராளி’, ‘வெற்றி வீரன்’ என்று தேடுவார்கள். நோய் திரும்பினால் தான் தோற்றுவிட்டதாகக் குழந்தை நினைக்க அந்தப் பெயரே இடம் கொடுத்துவிடும். குழந்தைகள் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: ‘மஞ்சள் டைனோசர்’, ‘பரோட்டா படை’. அவற்றில் நோய் இல்லை, குழந்தை இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு யாருக்காக ஓடுகிறோம் என்பது தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

குழந்தை ‘சோட்டா பீம்’ என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தப் பெயருக்கும் உருவத்துக்கும் உரிமையாளர் உண்டு. டி-ஷர்ட் அச்சிட்டு விற்றால் நோட்டீஸ் வரலாம். நல்ல காரியம்தானே என்று விட்டுவிட மாட்டார்கள். அமெரிக்காவின் மார்பகப் புற்றுநோய் அமைப்பான சூசன் ஜி. கோமன், தன் வாசகத்தை ஒத்த பெயர்களை வைத்திருந்த சிறு தொண்டு அமைப்புகளுக்கு எதிராகவே சட்ட நடவடிக்கை எடுத்தது 2010இல் பெரிய செய்தியானது. டி-ஷர்ட்டில் வெள்ளைப் பின்னணியில் செஞ்சிலுவைச் சின்னத்தையும் அனுமதியின்றிப் போடக் கூடாது. 1960ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டம் அதைத் தடை செய்கிறது.

பணம் கேட்கும்போது இன்னும் கவனம் தேவை. குழந்தையின் பெயரும் படமும் வெளியே வந்துவிட்டால், க்யூஆர் கோடை மட்டும் மாற்றி மோசடிக்காரர்கள் வசூலில் இறங்கிவிடலாம். நன்கொடையைப் பதிவுபெற்ற அறக்கட்டளையின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்ல வேண்டும். நன்கொடைக்கான வரிச்சலுகையும் அதற்கான ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.

முழுப்பெயரோடு ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள், அணிப்பெயரையும் படத்தையும் மாற்றவோ நீக்கவோ அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். போலி வசூல் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.